படகில் சொல்லாத பெயர்

ஸ்கார்வோய் தீவு
7 செப்டம்பர் 1958

அன்புள்ள தம்பி ஐவிந்துக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வலது தோள் மட்டும் மழை வருவதை முந்தின நாளே சொல்லிவிடுகிறது. இந்த வாரம் ஏழு நாளும் சொல்லிற்று. மாமியாருக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீயும் கேரினும் பிள்ளைகளும் சுகமா? சின்னவனுக்குக் காது வலி என்று எழுதியிருந்தாயே, விட்டதா?

உன் அலுவலகத்திலிருந்து நம் தீவின் புதிய வரைபடம் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் ஊர்ப் பெயர்களெல்லாம் சரிதானா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். டாக்னி டீச்சர் அதைக் கரும்பலகை மேல் ஒட்டியிருக்கிறாள். எல்லோரும் போய் அவரவர் வீட்டுக் கூரையைத் தேடினார்கள். நான் குடாக்களைத் தேடினேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

தெற்கே, மணல் இருக்கிற நம் பாதிரிக்குடாவின் மேல் 'கருங்குடா' என்று எழுதியிருக்கிறது. வடக்கே, பாறை மண்டிய உண்மையான கருங்குடாவில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளைத் தாள்.

தெரிந்த கதையை உனக்கே திரும்ப எழுதுகிறேன்; எழுதாமல் இருக்க முடியவில்லை. போன நவம்பர் பதினாலாம் தேதி, சீமெனின் படகு இஞ்சின் நின்றுபோய் வடக்கே கருங்குடாவின் வாய்க்குள் அடித்துக்கொண்டு போவதை மேட்டிலிருந்து பார்த்தேன். கடைக்கு ஓடினேன். கடைக்காரன் ஆஸ்முண்ட் கிடங்கில் இருந்தான், போன் பக்கத்தில் நான் பேசுவதைக் கேட்க யாரும் இல்லை. மீட்புப் படகு நிலையத்தைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னேன். அவர்கள் கிளம்பி நேரே தெற்கே பாதிரிக்குடாவுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் தேடியிருக்கிறார்கள். பிறகு வடக்கே சுற்றி வந்தபோது பாறை மேல் பலகைகள்தான் கிடந்தன. 'அழைத்தவர் சொன்ன குடாவுக்கே சென்றோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து, இடத்தை மாற்றிச் சொல்லி என் புருஷனைக் கொன்றது என் நாக்குதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

என் வாய் அசைந்தது ஞாபகம் இருக்கிறது, ஐவிந்த். என்ன சொல் வந்தது என்பது ஞாபகமில்லை. பத்து மாதமாக அதைத்தான் தேடுகிறேன். ஆட்டுக்குப் புல் போடும்போதுகூட 'கருங்குடா, பாதிரிக்குடா' என்று முணுமுணுத்து, எது வாய்க்குப் பழகினதாக இருக்கிறது என்று பார்க்கிறேன்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. 1938ல் அளந்த பழைய படத்திலும் இப்படித்தான் இருந்ததா? மீட்புப் படகில் இருந்தது அந்தப் படமாகத்தான் இருக்கும் என்று டாக்னி சொல்கிறாள். அதிலும் தெற்குக் குடா 'கருங்குடா' என்றால் நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். பழைய படங்களின் அலமாரி உன் நாற்காலியிலிருந்து ஐந்தே அடி என்று நீதானே பெருமை அடித்துக்கொண்டாய். எழுந்து போய்ப் பார்த்து ஒரு வரி எழுது.

உன் அக்கா
ரான்வெய்க்


ஓஸ்லோ
29 செப்டம்பர் 1958

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சின்னவனுக்குக் காது சரியாகிவிட்டது, இப்போது கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி நடிக்கிறான். கேரின் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். தோளுக்கு அந்தக் கற்பூரத் தைலத்தையே தடவு, விட்டுவிடாதே.

நீ குடாவைப் பற்றி எழுதியதும் எனக்கு வேறொரு யோசனை ஓடியது. பாதிரிக்குடாவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நினைத்துப் பார்த்திருக்கிறாயா? தீவில் மணல் இருக்கிற ஒரே கரை அது. அந்தக் காலத்தில் மாதம் ஒருமுறை வரும் பாதிரியார் பூட்ஸ் நனையாமல் இறங்க வேறு இடம் இல்லை, அதனால் வந்தது என்பார் அப்பா. கப்பல் உடைந்து ஒரு பாதிரியின் உடல் அங்கே ஒதுங்கியது என்று எதிர்வீட்டுக் கிழவர் சொல்வார். என் அலுவலகத்தில் ஒருவர் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார். அது பாதிரியே அல்லவாம், விரிசலாம்! நம் நார்வேப் பேச்சில் இரண்டு சொல்லுக்கும் ஓரெழுத்துதானே வித்தியாசம். குடாவின் மேற்குச் செங்குத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு வெடிப்பு ஓடுகிறதே, அதை வைத்து 'விரிசல்குடா' என்று இருந்தது நாக்கில் உருண்டு உருண்டு பாதிரி ஆகியிருக்கலாம் என்கிறார். பெயர்கள் இப்படித்தான், அக்கா. யார் எப்போது எதைச் சொன்னார்கள் என்று யாராலும் அறுதியிட முடியாது.

பழைய படங்கள் இப்போது அலமாரியில் இல்லை. சுவருக்குச் சாயம் அடிக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள். வந்ததும் பார்க்கிறேன்.

குளிர் வருமுன் கூரையை ஒருமுறை யாரையாவது பார்க்கச் சொல்.

உன் தம்பி
ஐவிந்த்


ஸ்கார்வோய்
12 அக்டோபர் 1958

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம் என்று படித்து நிம்மதி. இங்கே நாலு நாளாக வடமேற்குக் காற்று. கோழிகள்கூட வெளியே வர மறுக்கின்றன.

பாதிரியோ விரிசலோ, அது தெற்கே இருக்கிறது. அங்கே போனால் காற்று அடங்கிவிடும், தூங்குகிற குழந்தையைப் படகில் விட்டுவிட்டு வரலாம். வடக்கே இருப்பதன் வாய் ஐம்பது கெஜம். உள்ளே கறுத்த பாறையும் கறுத்த பாசியும். மீன்பிடிக்கக்கூட யாரும் அதற்குள் போனதில்லை. இந்த இரண்டையும் ஒருவன் மாற்றி எழுதியிருக்கிறான். நான் கேட்டது பெயருக்கு அர்த்தம் அல்ல, தம்பி.

மாமியாரிடம் வாயை விட்டுவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அத்தை, பள்ளிக்கூடத்துப் படத்துல தப்பா இருக்கு. தெக்குக் குடாவுல கருங்குடான்னு போட்டிருக்கான்" என்றேன்.

"போட்டா போட்டுட்டுப் போறான். அந்தப் பட்டணத்து ஆபீசர் அளந்தப்போ படகு வலிச்சது யாரு? உங்கப்பன். பக்கத்துல உக்காந்து எழுதினது யாரு? உன் தம்பி. நம்ம ஆளுக்குத் தெக்கு வடக்கு தெரியாதா? இது இப்ப அச்சடிக்கிறவன் பண்ற கூத்து. பழசு சரியாத்தான் இருக்கும்."

"அப்போ நான் போன்ல என்ன சொன்னேங்கறீங்க?"

"என்னை ஏன் சொல்ல வைக்கிறே? புருஷன் தண்ணியில கெடக்கறப்ப அந்த ஆளோட பேரை வாயில எடுத்தே. இடமும் தப்பு, ஆகாத பேரு வேற. ஒண்ணுக்கு ரெண்டா பண்ணிட்டே."

'அந்த ஆள்' என்றால் பாதிரி. நம் ஊர்ப் பெண்கள் யாரும் வீட்டு ஆண்கள் கடலில் இருக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்வதில்லை அல்லவா? சீமென் போன பிறகு குன்ஹில்ட் அத்தை எப்போதுமே சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் முன்னால் உட்கார்ந்துகொண்டே 'அந்த ஆள்' என்கிறாள்.

மீட்பு நிலையத்துக்கு எழுதிப் பார்த்தேன். அந்தப் படகை விற்றுவிட்டார்களாம், மாலுமியும் எங்கோ மாற்றலாகிப் போய்விட்டாராம். ஆக, உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை. நான் சொன்னால் ஊர் நம்பாது. நீ சொன்னால் நம்பும், ஏனென்றால் அந்தப் படகில் நீ இருந்தாய். சாயம் காய்ந்திருக்குமே?

உன் அக்கா
ரான்வெய்க்


ஓஸ்லோ
20 நவம்பர் 1958

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மூன்று வாரமாக வயிறு சரியில்லை. டாக்டர் காப்பியை நிறுத்தச் சொல்லிவிட்டார். அலுவலகத்திலும் ஓயாத வேலை. பதினாலாம் தேதி உன்னை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

புதிய படத்தைத் திருத்துவது பெரிய காரியமல்ல. இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். இடத்தின் பெயர், ஊரார் சொல்லும் விதம், தகவல் தந்தவர், தகவல் தந்த இடம் என்று நாலு கட்டம். நிரப்பி அனுப்பு, தெற்குக் குடாவுக்குப் பாதிரிக்குடா என்று நானே பார்த்து மாற்றிவிடுகிறேன். அதோடு முடிந்தது.

பழைய படம் இன்னும் கைக்கு வரவில்லை. வந்தால்தான் என்ன, அக்கா? சீமென் திரும்பி வரப்போவதில்லை. தோண்டத் தோண்ட உனக்குத்தான் வேதனை. அத்தைக்கு வயதாகிவிட்டது, அவள் பேச்சைப் பெரிதுபண்ணாதே. வசந்தத்தில் இங்கே வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போ.

உன் தம்பி
ஐவிந்த்


ஸ்கார்வோய்
2 டிசம்பர் 1958

அன்புள்ள தம்பிக்கு,

வயிற்றைப் பார்த்துக்கொள். காப்பியை நிறுத்தினால் தலை வலிக்கும், மூன்று நாளில் விட்டுவிடும்.

பதினாலாம் தேதி அத்தை சீமெனுக்கும் சேர்த்து மேசையில் தட்டு வைத்தாள். எனக்கு வைக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து நானே எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்த பிறகுதான், மறக்கவில்லை என்று தெரிந்தது.

சீமென் திரும்பி வரமாட்டான் என்பதை நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்பது அவனை அல்ல, என்னை.

படிவம் கிடைத்தது. அதன் அடியில் உங்கள் அலுவலக முகவரி இருக்கிறது. உனக்குத்தான் ஓயாத வேலையாயிற்றே, உன்னைத் தொந்தரவு செய்யாமல் நானே நேராக அவர்களுக்கு எழுதிக்கொள்கிறேன்.

ரான்வெய்க்


ஓஸ்லோ
18 டிசம்பர் 1958

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எல்லோரும் சுகம். கிறிஸ்துமஸ் பார்சலில் உனக்கு ஒரு கம்பளிச் சட்டையும் அத்தைக்கு வெல்வெட் செருப்பும் இருக்கின்றன. அளவு கேரின் பார்த்தது, சரியில்லை என்றால் திட்டு அவளுக்கு.

படிவத்தை அலுவலகத்துக்கு நேரே அனுப்பாதே. இங்கே நூறு மேசை, எங்காவது மாட்டிக்கொள்ளும். எனக்கே அனுப்பு. மறந்துவிடாதே, எனக்கே அனுப்பு. அனுப்பிவிட்டாயா?

உன் தம்பி
ஐவிந்த்


ஸ்கார்வோய்
1 பிப்ரவரி 1959

அன்புள்ள தம்பிக்கு,

சட்டை பொருந்துகிறது. செருப்பை அத்தை இன்னும் போடவில்லை, ஆனால் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்திருக்கிறாள். பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஜனவரி முழுக்க அவளுக்கு மார்ச்சளி. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு "சீமெனு, காலு நனைஞ்சிருக்கு பாரு, கழட்டு" என்றாள். கண்ணைத் திறந்து நான் என்று பார்த்ததும் கையை விட்டுவிட்டாள்.

படத்தைப் பற்றி உன்னிடம் இனி கேட்கப்போவதில்லை. படிவத்தையும் இன்னும் நிரப்பவில்லை.

அப்பாவைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். நீங்கள் அளக்கப் போன அந்தக் கோடையில் அவருக்கு எவ்வளவு பெருமை! ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு துடுப்பு வலித்தார். சாயங்காலம் அந்த அளவை அதிகாரி லுண்ட் நம் சமையலறையில் சாப்பிட்டாரே, நான்தான் மீன் வறுத்தேன். சாப்பிட்டு முடித்து மேசையில் படத்தை விரித்தீர்கள். நான் பாத்திரம் கழுவ வெளியே போய்விட்டேன். அப்புறம் என்ன பேசினீர்கள் என்பது எனக்குத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரான்வெய்க்


ஓஸ்லோ
3 மார்ச் 1959

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கும் தைரியம் இன்றைக்கு இல்லை.

பழைய படம் எந்தக் கீழ்த்தளத்துக்கும் போகவில்லை. சுவருக்குச் சாயமும் அடிக்கவில்லை. உன் முதல் கடிதம் வந்த அன்றே எழுந்து போய்ப் பார்த்தேன். பார்க்காமலேகூட எனக்குத் தெரியும். 1938 படத்தில் தெற்குக் குடா கருங்குடா என்றுதான் இருக்கிறது. வடக்கே பெயர் இல்லை. நீ போனில் சரியாகத்தான் சொன்னாய், அக்கா. அவர்கள் படத்தைப் பார்த்துத் தெற்கே போனார்கள்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். படகில் ஆண்களுக்குத் தனிப் பேச்சு இருந்தது. பெண்களுக்கு அது தெரியாது, இஞ்சின் வந்த பிறகு சீமென் வயதுக்காரர்களும் விட்டுவிட்டார்கள். படகில் உட்கார்ந்து பாதிரி என்று சொல்லக்கூடாது. சொன்னால் காற்று கேட்டுக்கொள்ளும். அப்பா காலத்து ஆட்கள் பாதிரியைக் 'கருப்பு' என்பார்கள், அவருடைய அங்கியை வைத்து. பாதிரிக்குடா படகில் இருக்கும்வரை கருங்குடா. வடக்கே யாரும் மீன்பிடிக்கப் போகாததால் அதற்குப் படகில் பெயரே தேவைப்படவில்லை. கரையில் கால் வைத்ததும் எல்லாம் பழையபடி மாறிவிடும்.

தெற்குக் குடாவுக்கு நேரே வந்தபோது லுண்ட் பெயர் கேட்டார். அப்பா படகில் உட்கார்ந்திருந்தார். "கருங்குடா" என்றார். நான் எழுதிக்கொண்டேன். நிலத்தில் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார். அப்பாவின் பயம் படத்தில் ஏறிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது, அக்கா. என்னை மன்னித்துவிடு.

ஐவிந்த்


ஸ்கார்வோய்
15 மார்ச் 1959

ஐவிந்த்,

நாங்கள் நலம்.

உன் அலுவலகம் என் கடிதத்துக்குப் பதில் போட்டுவிட்டது. 1938 பெயர்ப் பட்டியலின் போட்டோ நகல் ஜனவரி இருபத்தாறாம் தேதி எனக்கு வந்தது. உன் கையெழுத்து அப்போதும் அழகு. நீயாகச் சொல்லட்டும் என்று ஆறு வாரம் காத்திருந்தேன். ஆஸ்முண்ட் தபால் பையைத் திறக்கும்போதெல்லாம் கடை வாசலில் நின்றேன், "காதலனா?" என்று கேலி பண்ணினான்.

இப்போது நீ செத்துப்போன அப்பாவின் தலையில் வைத்துவிட்டாய். நகலில் ஓரத்தில் பென்சிலால் வேறொருவர் எழுதியிருக்கிறார், லுண்டாகத்தான் இருக்கும். 'வடக்குக் குடாவும் கருங்குடா என்று ஒரு கிழவர் சொன்னார். அன்று மாலை கரையில் ஐவிந்திடம் கேட்டேன். தெற்குதான் என்று உறுதியாகச் சொன்னார். வடக்கிலிருந்து பெயர் நீக்கப்பட்டது.'

கரையில், ஐவிந்த். நம் சமையலறையில். அங்கே எந்தக் காற்று கேட்டுக்கொண்டிருந்தது?

மிச்சத்தையும் எழுது.

ரான்வெய்க்


ஓஸ்லோ
29 மார்ச் 1959

அக்கா,

எழுதுகிறேன்.

அன்று காலை அப்பா படகைக் கரையிலிருந்து தள்ளியதும் சூரியன் போகிற திசையில் ஒரு சுற்றுச் சுற்றினார், எப்போதும்போல. லுண்ட் "இதென்ன நாட்டியம்?" என்று கேட்டுச் சிரித்தார். எதிர்த்திசையில் திரும்பினால் கடலுக்கு ஆகாது என்று அப்பா காரணம் சொன்னார். லுண்ட் இன்னும் சிரித்தார், என் முதுகில் தட்டி "நீயும் இதெல்லாம் நம்புறியா தம்பி?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் லுண்ட் மேசையில் படத்தை விரித்து, "ஒரே தீவுல ரெண்டு கருங்குடா இருக்காதே, எது நிஜம்?" என்று கேட்டார். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: தெற்கே இருப்பது பாதிரிக்குடா, அப்பா படகில் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார். அதைச் சொன்னால் லுண்ட் மறுபடி சிரிப்பார். பட்டணத்தில் எனக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். காற்றுக்குப் பயப்படுகிற வீட்டுப் பையன் என்று நினைத்துவிடுவாரே என்று வெட்கமாக இருந்தது. "தெக்குதான் சார்" என்றேன். அப்பா அடுப்படியில் புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு வேலை கிடைத்தது.

சீமெனுக்காக ஜெபம் நடத்திய அன்று அத்தை எல்லார் முன்னாலும் உன்னைக் குற்றம் சொன்னபோது நான் காப்பிப் பானை பக்கத்தில் நின்றேன். மீட்புப் படகு தெற்கே போனது என்று கேட்ட அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. கோப்பையில் காப்பி ஊற்றிக்கொண்டேன். மறுநாள் படகேறி வந்துவிட்டேன். பதினாறு மாதம். இதற்கு நான் என்ன பெயர் வைப்பது?

அத்தைக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். நீ படித்துக் காட்டு.

ஐவிந்த்


ஸ்கார்வோய்
12 ஏப்ரல் 1959

ஐவிந்த்,

கடிதம் எழுதாதே. அவளுக்குக் கண் மங்கல், நான்தான் படிக்க வேண்டும். என் வாயிலிருந்து வருகிற எதையும் அவள் நம்புவதில்லை. நீயே வா. வந்து எங்கள் சமையலறையில் நின்று அவளிடம் சொல். பிறகு கடையில் ஆஸ்முண்ட் முன்னால் சொல். அவனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

மே மாதம் கடல் அமைதியாக இருக்கும். கம்பளிச் சட்டை எடுத்துவா, இங்கே இன்னும் குளிர்.

ரான்வெய்க்


ஸ்கார்வோய்
31 மே 1959

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது. இங்கே குட்டி போட்ட ஆடுகள் பதினொன்றும் சுகம். என் தோள் இரண்டு வாரமாக வாயைத் திறக்கவில்லை.

நீ சொல்லி முடித்ததும் அத்தை "காப்பி ஆறுது, குடி" என்று மட்டும் சொன்னாளே, அது உன்னை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தேன். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தாய். நானும்தான். நீ கிளம்பிய பிறகு நாலு நாளும் என் பக்கத்தில் தட்டை மட்டும் கொண்டுவந்து வைத்தாள். ஐந்தாம் நாள் காலை வெல்வெட் செருப்போடு வாசலில் வந்து நின்றாள்.

"படகை எடு."

"எங்க போகணும் அத்தை?"

"தெக்கே."

"காத்து இருக்கே."

"இருந்தா இருக்கட்டும். எனக்கு வயசு எழுபத்தெட்டு, என்னை அது என்ன பண்ணிடும்?"

அவள் படகில் ஏறி இருபது வருஷம் இருக்கும். பின் பலகையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் வலித்தேன். குடாவின் வாய்க்கு வந்ததும் மணலைப் பார்த்தாள், மேற்கே உன் விரிசலைப் பார்த்தாள். பிறகு பள்ளியில் பேர் கூப்பிடுகிற மாதிரி உரக்கச் சொன்னாள்:

"பாதிரிக்குடா."

எனக்குக் கை நின்றுவிட்டது. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. பயந்தேன், ஐவிந்த், உண்மையாகவே பயந்தேன். உன்னைக் கடிதத்தில் காற்றைச் சொல்லிக் குத்தினவள் நான்தான்.

"என்ன நிறுத்திட்டே? வலி" என்றாள். மறுபடியும் சொன்னாள். "பாதிரிக்குடா. பாரு, ஒண்ணும் ஆகல. நீ அன்னிக்குச் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லவும் இல்ல" என்றாள்.

அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் மூக்கைச் சிந்தி முடிக்கிற வரைக்கும் படகு தானாக மிதந்தது. திரும்பும்போது சூரியன் போகிற திசையில்தான் திருப்பினேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட முடியாது.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அது ஆகிறபோது ஆகும். அதுவரை கடிதம் எழுதுவதை நிறுத்தாதே. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். கேரினுக்குக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறேன், அளவு அனுப்பு.

படிவத்தை இதோடு நிரப்பி வைத்திருக்கிறேன், உன் கையாலேயே அலுவலகத்தில் கொடுத்துவிடு. வடக்குக் குடாவுக்குக் கருங்குடா என்று எழுதி, தகவல் தந்தவராக என் பெயரைப் போட்டிருக்கிறேன். தெற்குக் குடாவுக்கு அத்தை சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். இடத்தின் பெயர்: பாதிரிக்குடா. ஊரார் சொல்லும் விதம்: பாதிரிக்குடா. தகவல் தந்தவர்: குன்ஹில்ட், சீமெனின் தாய். தகவல் தந்த இடம்: படகில்.

உன் அக்கா
ரான்வெய்க்